பச்சை இழை

“கண்ணை மூடிக்குங்க அய்யா. தொட்டா மட்டும் சொன்னாப் போதும்,” என்றாள் மைரா.

அல்சிந்தோ கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய இரண்டு கைகளும் மேசைமேல் மல்லாந்து கிடந்தன. அதே பெஞ்சில் அவரை ஒட்டி மனைவி சுலெய்டே உட்கார்ந்திருந்தாள்.

மைரா பச்சைக் குச்சியை எடுத்தாள். அதன் நுனியில் தலைமுடி போல ஒரு நைலான் இழை. வலது சுண்டுவிரலில் வைத்து, இழை வளையும்வரை அழுத்தினாள்.

“ஆங்,” என்றார் அல்சிந்தோ.

அடுத்து ஆள்காட்டி விரல். ஆங். பிறகு உள்ளங்கையின் ஓரம். ஆங்.

நடுவில் வேண்டுமென்றே சும்மா இருந்து பார்த்தாள். அவரும் சும்மா இருந்தார்.

தொடாதபோது ஆங் சொன்னால் ஆள் ஊகித்துச் சொல்கிறார் என்று பொருள். இவர் ஒருமுறைகூடத் தவறவில்லை.

மணிக்கட்டுக்குக் கீழே ஒரு தீப்புண் பாதி ஆறியிருந்தது. அது என்ன என்று கேட்டாள்.

“மரவள்ளி மாவு வறுக்கறவன் கையில பின்ன மோதிரமா இருக்கும்?”

மைரா சிரித்துவிட்டாள்.

அவள் பெலேம் நகரத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரி. மூன்று வாரமாகத் தபஜோஸ் ஆற்றங்கரையில் வேட்டைக்காரர்களின் வீடுவீடாக ஏறி இறங்குகிறாள். அவர்கள் பிடித்து வரும் ஆர்மடில்லோவின் ஈரலில் கடுகளவு வெட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொள்வாள். பிறகு, பிடித்தவர், அறுத்தவர், தின்றவர் எல்லோருக்கும் கை மரத்துப்போயிருக்கிறதா என்று இந்தச் சோதனை.

தொழுநோய்க் கிருமி அந்த ஓட்டுப் பிராணிக்குள்ளும் குடியிருக்கிறது. அங்கிருந்து மனிதனுக்கு எந்த வழியாக வருகிறது, அறுக்கும்போதா, தின்னும்போதா? அதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் மாலை பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரை இலவசம், வீட்டிலிருந்தே சாப்பிடலாம், குணமாகிவிடும். இப்போதெல்லாம் யாரையும் எங்கேயும் கொண்டுபோவதில்லை.

அந்தக் கடைசிப் பேச்சுக்கு அல்சிந்தோ மட்டும் சிரித்தார்.

அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது அவருடைய அம்மாவை ஒரு அரசாங்கப் படகு ஏற்றிக்கொண்டு போனது. பத்து நாளில் வந்துவிடுவாள் என்று படகில் வந்தவர்கள் சொன்னார்கள். அவள் படுத்த வலைத்தொட்டிலைக் கரையிலேயே போட்டுக் கொளுத்தினார்கள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் சுலெய்டே அதை இரண்டே முறைதான் அவர் வாயால் கேட்டிருக்கிறாள். இரண்டு முறையும் வலைத்தொட்டிலோடு நிறுத்திக்கொண்டார்.

மைரா வலது கையை முடித்தாள். நாற்பது வருஷமாக வேட்டையாடியும் கை பழுதில்லாமல் இருப்பது ஆச்சரியம் என்றாள். இப்படி ஒருவர் கிடைப்பது ஆராய்ச்சிக்கு முக்கியம் என்று சொல்லி, படிவத்தில் எழுதினாள்.

வாசலில் மருமகன் ஜில்வான் தோளில் சாக்கோடு நின்றிருந்தான். விடியற்காலையில் பிடித்த ஆர்மடில்லோ சாக்குக்குள் கனத்துக் கிடந்தது. மைரா தன் பங்கை வெட்டிக்கொண்ட பிறகுதான் மற்றது சமையலுக்கு.

“பாத்தீங்களா டாக்டரம்மா? மாமா நாப்பது வருஷமா ஈரலைப் பச்சையாத் தின்னுட்டுக் கல்லு மாதிரி இருக்காரு. இனிமே எங்களுக்கு என்ன பயம்? ரொசேலி, வெங்காயத்தை நறுக்கு!”

உள்ளேயிருந்து ரொசேலியின் சிரிப்பு கேட்டது. அவளுக்கு ஏழு மாதம். எலுமிச்சம்பழம் பிழிந்த ஈரலுக்கு ஒரு வாரமாக நாக்கு ஏங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மைரா வந்து போகட்டும் என்று சுலெய்டேதான் மகளை நிறுத்தி வைத்திருந்தாள்.

பலகையில் கத்தி விழும் சத்தம் கேட்டது.

சுலெய்டே அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. 

மைரா இடது கைக்கு வந்தாள். பச்சை இழை சுண்டுவிரலில் வளைந்தது.

அல்சிந்தோ பேசவில்லை.

ஆள்காட்டி விரல். பேசவில்லை.

மைரா நீலக் குச்சியை எடுத்தாள். பிறகு ஊதா. பிறகு சிவப்பு. ஒவ்வொன்றும் முந்தினதைவிடத் தடித்த இழை. சிவப்பு இழை தூண்டில் முள் போல வளைந்து சதையில் குழி விழ வைத்தது.

அவர் முகம் அமைதியாக இருந்தது. காத்துக்கொண்டிருந்தது.

மைரா மெல்லத் தலையைத் தூக்கிச் சுலெய்டேயைப் பார்த்தாள். சுலெய்டே பார்வையை விலக்கவில்லை.

மேசைக்கு அடியில் அவளுடைய வெறுங்கால் அவர் பாதத்தின்மேல் இருந்தது. இழை வலது கையைத் தொட்டபோதெல்லாம் அந்தக் கால்தான் அழுத்தியது. கையில் ஒன்றும் தெரிவதில்லை, பாதத்தில் மட்டும் உணர்ச்சி இருக்கிறது, இழை தொட்டால் அங்கே அழுத்திச் சொல் என்று, பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் அவர்தான் அவளிடம் கேட்டுக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

கால் இப்போதும் அங்கேயேதான் இருந்தது. அழுத்தவில்லை.

மைரா வாசல் பக்கம் திரும்பி, சாக்கைக் கீழே வைக்கும்படி ஜில்வானுக்குச் சைகை காட்டினாள். அவன் ஒன்றும் புரியாமல் வைத்தான். உள்ளே கத்திச் சத்தம் நின்றது.

“என்ன டாக்டரம்மா,” என்றார் அல்சிந்தோ, கண்ணைத் திறக்காமல். “நடுவுல காபி குடிக்கப் போயிட்டீங்களா?”