சிவபுரிப் பாதையில் ஒரு முதுகு

அன்று கல்கத்தாவின் லேக் மார்க்கெட் ஃபிளாட்டின் கூடத்தில் இருந்தவர்கள்: துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற வெங்கடநாராயணன், அவர் மனைவி லக்ஷ்மி, மகள் சுபிக்ஷா. எதிர் சோபாவில், டாலிகஞ்சிலிருந்து பெண் பார்க்க வந்திருந்த மஹாதேவன், அவர் மனைவி விஜயலட்சுமி, மகன் விவேக். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்கள் எல்லாம் கேள்விப்பட்டவர்கள்தான்.

யாரென்று தெரியாத ஆள் ஒன்று டீப்பாயின்மேல் மஹாதேவனின் செல்போனில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் சுபிக்ஷா போய்வந்த, காட்மாண்டுவை ஒட்டிய சிவபுரி மலைப்பாதை. சுபிக்ஷா சிரித்துக்கொண்டிருக்கிறாள். தொப்பியும் பேன்ட்டுமாக ஓர் உருவம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டுகிறது. முதுகு மட்டும்தான் தெரிகிறது.

"நம்மவா யாரோ அதே பாதையில போயிருக்கா. பின்னாலேர்ந்து எடுத்து குரூப்ல போட்டுட்டா" என்றார் மஹாதேவன். "யாரோ பெங்காலிப் பையனோட மலை ஏறினாளாம். வாழையிலைக் கடைவரைக்கும் பேச்சாயிடுத்து. நான் வதந்தியை நம்பறவன் இல்லை சார். ஆனா இந்தப் பையன் யாருன்னு தெரியாம மேற்கொண்டு பேச முடியாது."

வெங்கடநாராயணன் காலையிலேயே மகளிடம் கேட்டிருந்தார். "யாருன்னு சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேம்ப்பா. தப்பா ஒண்ணும் இல்லை" என்றாள். தப்பில்லாததற்கு எதற்கு வாக்கு என்று அவருக்கு விளங்கவில்லை.

இதுவோ தானாக வந்த சம்பந்தம். போன வாரம் விஜயலட்சுமியே போன் செய்து ஜாதகம் கேட்டாள். நம் குடும்பத்தின் பெயர் டாலிகஞ்ச் வரை எட்டியிருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர், இன்னும் முதுகைச் சாய்க்கவில்லை. அந்தப் பெயர் இப்போது ஒரு செல்போனில் மாட்டிக்கொண்டிருந்தது.

"அது பையன் இல்லை" என்றார். "நான்தான்."

லக்ஷ்மி மின்விசிறியைப் பார்த்தாள். சுபிக்ஷா தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். அடக்கம் என்று அவர் நினைத்தார்.

"நீங்களா?"

"தனியா விடுவேனா சார்? நாலு பக்கமும் மலை, நடுவுல கிண்ணத்துல வச்சாப்பல ஊர். அசன் சந்தையிலேர்ந்து பழைய அரண்மனைவரைக்கும் சந்து சந்தா நடந்தோம். ரிக்ஷாவே வைக்கலை. மறுநாள் சிவபுரி. ஒரே ஏத்தம்."

எல்லாம் மகள் அம்மாவிடம் போனில் சொன்னபோது, பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டது. இந்த வருஷம் அவர் நடந்த மிக நீண்ட தூரம் மார்க்கெட் முனைக் காபிப்பொடிக் கடை. அங்கேயும் ஸ்டூல் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பினார்.

"முழங்கால் வலிக்கலையா மாமா?" என்றாள் விஜயலட்சுமி. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

"எங்க வம்சத்துல முழங்கால் வலியே கிடையாது." வேட்டிக்குள் முழங்கால் உறை அரித்தது.

பேச்சை மாற்ற லக்ஷ்மி அவசரமாக விஜயலட்சுமி பக்கம் திரும்பினாள். "உங்களுக்கென்ன, மூக்கெல்லாம் தோல் உரிஞ்சிருக்கே?"

மனைவிக்கும் சேர்த்து மஹாதேவனே பதில் சொன்னார். "பெஹாலாவில அவ அக்கா ஆத்து மொட்டை மாடியில பத்து நாளா வடாம் பிழிஞ்சா. எங்காத்துப் பொம்மனாட்டிகள் போனா அவ்வளவு தூரம்தான். அதுவும் என்னைக் கேக்காம போகமாட்டா." பிறகு விட்ட இடத்துக்கே வந்தார். "சார், நான் ஆடிட்ல இருந்தவன். நேர்ல சரிபார்க்காம எதையும் ஒத்துண்டதில்லை. கொஞ்சம் எழுந்து, திரும்பி நிக்கறேளா?"

"சீ சீ, அப்பா, கீ ஹொச்சே, என்ன நடக்கறது இதெல்லாம்?" என்றான் விவேக்.

"நீ சும்மா இருடா."

வெங்கடநாராயணன் எழுந்தார். அவருடைய குடும்பத்தில் யாரும் யாருக்கும் முதுகு காட்டியதில்லை. குடும்ப மானத்துக்காகக் காட்டலாம் என்று அந்தக் கணத்தில் முடிவு செய்து, சுவர் காலண்டரைப் பார்க்கத் திரும்பினார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் தகப்பனாருடைய முதுகைப் பார்த்தார்கள்.

மஹாதேவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். "தோள் சரியாயிருக்கு. இடுப்புதான் உதைக்கறது. அந்தத் தொப்பி இருக்கா?"

அந்த வீட்டில் இருந்த ஒரே தொப்பி, கல்கத்தாக் குளிருக்கு வாங்கிய மங்கி கேப். லக்ஷ்மி அதை எடுத்து வந்தாள். சித்திரை வெயிலில் அவர் அதைக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"இப்போ வேட்டியைக் கொஞ்சம் தூக்கிண்டு, ஓடையைத் தாண்டற மாதிரி ஒரு காலை..."

சுவரைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். 'மடக்' என்று முழங்கால் போட்ட சத்தம் கூடம் முழுவதும் கேட்டது. சுபிக்ஷா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆங், அதே வளைவு" என்று மஹாதேவன் முனகினார். "இருந்தாலும் அந்தப் பையன் துள்ளித் தாண்டறான் சார். நீங்க..."

பின்னால் காபி டம்ளரை டீப்பாயில் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு விஜயலட்சுமியின் குரல், நிதானமாக.

"மாமா, காலைக் கீழே வைங்கோ. அது ஆம்பளையே இல்லை, நான்தான்."