பூசை மதில்மேல் ஏறிற்று

மழலைக் கவிமாமணி ஜானகிராமன் மேடையில் நிற்கிறார். பட்டம் அவரே தனக்குச் சூட்டிக்கொண்டது. ஆனாலும் இதுவரை எந்த மழலையும் அவர் பாட்டுக்குச் சிரித்ததில்லை. இன்றைக்கு ஒரு பிள்ளையாவது சிரித்துவிடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. புதுச்சேரி மாதா கோயில் கூடத்தின் பச்சை ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் பட்டை பட்டையாகத் தரையில் விழுகிறது. அதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆரஞ்சு மிட்டாயைக் கடவாயில் ஒதுக்கிக்கொண்டு அவரையே பார்க்கிறார்கள். இன்றைய பாட்டு பூனையைப் பற்றியது. பூனையைப் பூனை என்று சொன்னால் கவிமாமணியின் கௌரவம் என்னாவது? பூனைக்கு உள்ள பழந்தமிழ்ச் சொல்லையே தேடிப் பிடித்திருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்குகிறார்: "பூசை மதில்மேல் ஏறிற்று! பூசை பாலை நக்கிற்று!" பிள்ளைகள் நடுவிலிருந்து நைலக்ஸ் பாவாடை சரசரக்க ஆனந்தமேரி எழுந்திருக்கிறாள். "பூசை நம்ம சாமியாரு கோயிலுக்குள்ளதான வெக்கிறாரு? அது எப்ப சார் செவுத்துல ஏறிச்சி?" ஒரு மூலையில் களுக்கென்கிறது. "காலைப் பூசையா, சாயந்தரப் பூசையாடி?" என்கிறாள் இன்னொருத்தி. கூடமே வெடித்துச் சிரிக்கிறது. ஜானகிராமன் மிரண்டுபோய் முன்வரிசைச் சாமியாரைப் பார்க்கிறார். அங்கிக்குள் தொப்பை குலுங்க அவர் கைதட்டுகிறார்: "பிராவோ, முசியே!" பூசை என்றால் என்னவென்று ஒரு நீண்ட சொல்லாராய்ச்சி கவிமாமணியின் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. அத்தனையையும் விழுங்கிவிட்டு, எந்த நிகண்டிலும் இல்லாத ஒரே ஒரு சொல்லைச் சொல்கிறார்: "மியாவ்."