காந்தத்தில் ஒட்டிய சிலுவை

ஜெர்மன் சண்டை முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஈப்போவில் கடிகாரக் கடை வைத்திருந்த அம்பலவாணர், தோட்டத்துத் துரைமார்களுக்காக ஜெர்மன் பட்டாளச் சின்னங்களைச் சோதித்து வாங்கித் தருவார். அன்று வீரம்மா ஒரு கறுப்புச் சிலுவைப் பதக்கத்தை நீட்டினாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா. பினாங்குல போலி விக்கிறாங்களாமே?"

"ஓம் பிள்ளை. அதெல்லாம் ஈய வார்ப்பு. அசலெண்டால் வெள்ளி விளிம்புக்குள்ளே இரும்பு இருக்கும்."

காந்தத்தை வைத்தார். சிலுவை ஒட்டிக்கொண்டது. விளிம்பு வெள்ளியையும் உரசிப் பார்த்தார். ஏழைப் பெண்ணுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று அவருக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

"அசல்தான். நீ கேட்ட விலையைத் துரை தருவார்."

வீரம்மா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பிள்ளை, சந்தோஷமில்லையோ?"

"எங்க வீட்டுக்காரரு ரயில் வேலைக்குன்னு பஸ்ரா சண்டைக்குப் போனாருய்யா. அங்க ஜெர்மன்காரன்கிட்ட எடுத்ததாம். சாகும்போது எங்கிட்ட குடுக்கச் சொன்னாருன்னு, அவருகூட வேலைக்குப் போன பத்துமலைங்கிறவன் கொண்டாந்தான். அவன் வாயில உண்மையே வராது. பினாங்குல வாங்கிட்டு வந்து புளுகுறான்னுதான் இன்னும் தலையில பூ வச்சிருக்கேன்."

அம்பலவாணர் சிலுவையைக் காந்தத்திலிருந்து பிரித்து மேசைமேல் வைத்தார்.

"இன்னொரு தடவை வச்சுப் பாருங்கய்யா," என்றாள் வீரம்மா.

அவர் காந்தத்தை எடுத்தார். வைக்கத்தான் கை வரவில்லை.