துரை கொடுத்த அல்லி

"சாக்கு நிறைய ஐஸ் எதுக்குங்க? யாருக்காச்சும் காய்ச்சலா?" என்று கேட்டாள் தங்கமணி.

"அல்லிக்கு," என்றார் ரெங்கசாமி. "குளிர் நாட்டுச் செடி. நம்ம ஊரு வெயில்ல மனசு விட்டுப் பூக்குமா?"

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்னால் அவரே வெட்டிய குட்டையில் ஐஸ்கட்டிகள் மிதந்தன. நடுவில் ஒரே ஒரு மொட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது.

ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா வேலை காலி. போட்டியில் இரண்டு பேர், ரெங்கசாமியும் ஜெயராஜும். சீமையிலிருந்து தருவித்த அல்லிக்கிழங்கை ஆளுக்கொன்று கொடுத்திருந்தார் ஆபீசின் வெள்ளைக்காரத் துரை. திங்கட்கிழமை இரண்டு வீட்டிலும் மொட்டு தலை நீட்டியதும் அவர் சொன்னது இதுதான்: "பூ திறந்ததைச் சொந்தக் கண்ணால பார்த்திருக்கணும். பெண்டாட்டி பார்த்தா செல்லாது. சனிக்கிழமை வந்து சொல்லுங்க. அன்னிக்கு முடிவு."

பெரிய கிராணி ஆகிவிட்டால் தங்கமணியின் அண்ணன் எதிரே கால்மேல் கால் போட்டு உட்காரலாம். சம்பளத்தைவிட ரெங்கசாமிக்கு அந்தக் கால்தான் முக்கியம்.

ஆபீஸ் விட்டு வந்ததும் குட்டையோரம் முக்காலி போட்டு, நிலா எழக் காத்திருப்பார். நிலாவைக் கண்டால் அல்லி பூக்கும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சீமைச் செடி ஆயிற்றே என்று ஒருநாள் டை கட்டிக்கொண்டு, "ப்ளீஸ் ஓப்பன்," என்று கெஞ்சியும் பார்த்தார். மொட்டு மசியவில்லை.

"என்னங்க, இன்னிக்கு மத்தியானம் ஜம்முனு பூத்திருந்துச்சு. நீங்க பார்த்ததாச் சொல்லிடுங்களேன்," என்றாள் தங்கமணி.

"மத்தியானத்துல அல்லி பூக்குமா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும், தங்கமணி."

"நேத்தும் பூத்துச்சுங்க."

"பூத்தது திரும்ப மொட்டாயிடுச்சாக்கும்? உங்க அண்ணன்கிட்ட நீ பெருமையடிக்க நான் பொய் சொல்லணுமா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை துரை இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். ஜெயராஜ் முந்திக்கொண்டார்.

"நாலு நாளாப் பூக்குது, துரை. வெள்ளை வெளேர்னு, நடுவுல மஞ்சளா. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

துரை எழுந்து அவர் கையைக் குலுக்கினார். தங்கமணி சொல்லித் தந்த வாக்கியம் ரெங்கசாமியின் நாக்கு நுனிவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"என்னுது மொட்டாவே இருக்கு, துரை," என்றார். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. "ஐஸ் போட்டேன். இங்கிலீஷ்லகூடப் பேசிப் பார்த்தேன். எனக்குக் கொடுத்துவைக்கல."

துரை, ரப்பர்த் தோட்டங்களில் பழகிய தமிழில் மெதுவாகச் சொன்னார். "அது உங்க ஊர் அல்லி இல்ல, ரெங்கசாமி. எங்க ஊர் அல்லி. காலையில பத்து மணிக்குத் திறக்கும். மூணு மணிக்கு மூடிக்கும்."

பிறகு ஜெயராஜ் பக்கம் திரும்பினார். "நாலு நாளும் அந்த நேரத்துல நீ ஆபீஸ்லதானே இருந்தே. சாப்பாடுகூட இங்கேதான். எப்படிப் பார்த்தே?"

குலுக்கிய கையைத் துரை இன்னும் விடவில்லை.

அன்று பெரிய கிராணியாக வீடு திரும்பிய ரெங்கசாமி, நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். தங்கமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் சொன்னதெல்லாம் நெசம்தானே? இனிமேலாச்சும் என் பேச்சை நம்புவீங்களா?"

"நம்பாம இருந்ததுக்குத்தாண்டி இந்த வேலையே குடுத்திருக்காங்க," என்றார் ரெங்கசாமி.