கூண்டுக்கு அடியில் ஈரம்

கூண்டுக்கு அடியில் மறுபடியும் ஈரம்.

சென்னையில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடி சுடர்விழி செல்போன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெண்ணாற்றங்கரை ஊரில், அம்மா வீட்டுக் கூடத்தில் அவள் மாட்டி வைத்த கேமரா அது. போர்வை போட்டு மூடிய நாய்க் கூண்டிலிருந்து தண்ணீர் கசிந்து சிமெண்டுத் தரையில் ஓடியிருந்தது.

உடனே போன் போட்டாள்.

"ம்மா, ரியோ மறுபடியும் உள்ளயே போயிருச்சா?"

"ஈரம்னா துடைச்சாப் போச்சு. இதுக்கு ஒரு போனா?"

அம்சத்தின் குரலில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. அதுதான் மகளுக்கு எரிச்சல்.

போன வாரம் லாப்ரடார் குட்டி ரியோவையும் இரும்புக் கூண்டையும் காரில் கொண்டுவந்து இறக்கியவள் சுடர்விழிதான். நேரத்துக்கு வெளியே விடு, திரும்பக் கூண்டில் அடை, வீடு நாறாது என்று அம்மாவுக்குப் பாடமும் நடத்தினாள். நாய் மேல் ஆசை என்று சொன்னாளே தவிர, உள்ளே வேறு கணக்கு இருந்தது. நாயை மேய்க்கிறவளுக்கு வயல் பக்கம் போக நேரம் ஏது?

போன அறுவடையில் அம்சம் வரப்பில் மயங்கி விழுந்திருந்தாள். அன்றைக்கே மகள் முடிவெடுத்துவிட்டாள், இனி விவசாயம் கிடையாது என்று. பக்கத்து வயல்காரர் வீரையனிடம் குத்தகைக்குப் பேசியும் முடித்துவிட்டாள். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மூணு மா நெலம்டி, ஒரு ஏக்கரு," என்றாள் அம்சம் இப்போதும். "உங்கப்பனும் நானும் ஊரான் வயல்ல நட்டு அறுத்து, வாயைக் கட்டி வயித்தைக் கட்டி வாங்குனது. கைமாறிப் போனா திரும்புமா?"

"நெலம் திரும்பாட்டி போவட்டும். நீ முழுசா இருக்கணும், அதான் எனக்கு."

"நான் முழுசாத்தான் இருக்கேன். உன் கேமராவுல பாதியாத் தெரியுதா?"

சுடர்விழிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இந்தப் பிடிவாதம் வேணாம்மா. நாளைக்கு வீரையன் மாமா டிராக்டர் விடுறாரு. நாத்தங்கால்ல விதை விழுந்திருந்தா இந்தப் போகம் உங்க வயலைத் தொடவே மாட்டேன்னு சொன்ன மனுஷன் அவரு. நீதான் ஒண்ணுமே விதைக்கலையே!"

"ம்," என்றாள் அம்சம்.

அந்த 'ம்' எதற்கு என்று சுடர்விழி யோசிக்கவில்லை. அவள் கண் கூண்டின் மேலேயே இருந்தது.

வந்த புதிதில் ரியோ போட்ட ஊளையில் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. நேற்று முன்தினம் ஊரில் கரண்ட் போனது. கேமரா மறுபடி உயிர் பெற்றபோது கூண்டு போர்வைக்குள் இருந்தது, உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

"எப்படிம்மா அடக்குன?" என்று அன்றைக்கு அதிசயமாகக் கேட்டாள் மகள்.

"அடியில வைக்கோல் போட்டு, இருட்டா கதகதப்பா மூடி வச்சிருக்கேன்."

"சூப்பர்மா! நாய் வளக்குற வீடியோவுலயும் அப்படித்தான் சொல்றாங்க. அடிக்கடி தொறந்து பாக்காத, பழக்கம் கெட்டுரும்."

"எனக்கே சொல்றியா?" என்றாள் அம்சம்.

அதற்குப் பிறகு வேலைக்கு நடுவே எட்டிப் பார்க்கும்போதெல்லாம், அம்மா போர்வை மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வெயில் காலம், குட்டிக்குக் குளுமையாக இருக்கட்டும் என்று தெளிக்கிறாள் போல. கெட்டிக்காரி என்று மகள் மெச்சிக்கொண்டாள்.

ஆனால் இன்றைக்கு அவளுக்குக் கணக்கு உதைத்தது. இத்தனூண்டு குட்டி இவ்வளவு மூத்திரம் போகுமா? சத்தமும் இல்லை, அசைவும் இல்லை.

"ம்மா, அதுக்கு உடம்புக்கு என்னமோ. போர்வையை எடு, நான் பாக்கணும்."

"சாயங்காலம் எடுக்கிறேன்."

"இப்பவே எடும்மா! நீ எடுக்கலேன்னா வீரையன் மாமாவை அனுப்பித் தொறக்கச் சொல்லுவேன்."

அம்சம் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். இத்தனை நாளில் முதல் தடவையாகக் கேமராவை நேருக்கு நேர் நிமிர்ந்து பார்த்தாள்.

"டேய் ரியோ!" என்று குரல் கொடுத்தாள்.

கூப்பிட்டது கூண்டைப் பார்த்து அல்ல, கொல்லையைப் பார்த்து. நாலு காலிலும் நாற்றங்கால் சேறு அப்பியிருக்க, குட்டி துள்ளிக்கொண்டு ஓடிவந்து அவள் காலைச் சுற்றியது.

சுடர்விழி படத்தை மறுபடி கூண்டுப் பக்கம் பெரிதாக்கினாள்.

"இவன் வந்த மூணாம் நாளே என்கூட வரப்புக்கு வந்து பழகிட்டான்," என்றாள் அம்சம். "வீட்டுக்குள்ள ஒரு சொட்டு விடமாட்டான்."

"அப்ப... கூண்டுக்குள்ள என்னம்மா இருக்கு?"

அம்சம் போர்வையை உருவிப் போட்டாள். கூண்டுக்குள் கையை விட்டு, நனைந்த சாக்கின் வாயைப் பிரித்து, ஒரு கை அள்ளிக் கேமராவுக்கு நேராக நீட்டினாள்.

"எலி வாய் வைக்காம முளைச்ச விதைநெல்லுடி, சாயங்காலம் நாத்தங்கால்ல விழுது. வீரையனை வேற வயல் பாக்கச் சொல்லு!"