உடைந்துகொண்டே இருந்த பூச்சு

"பாருங்க எஞ்சினியரே, மறுபடியும் ஒடஞ்சிடுச்சு!" என்று சுவரைக் காட்டி முழங்கினாள் இன்ஷிராஹ்.

ரஊஃப் குனிந்து பார்த்தார். கெய்ரோ மெட்ரோவின் புதிய பாதைக்காக அவள் வீட்டு வாசலில் துளைபோடும் எந்திரம் வந்து நின்றதிலிருந்து, சுவரின் பழைய விரிசலுக்குக் குறுக்கே ஜிப்சம் பூசிக் கண்காணிப்பது அவர் வேலை. பூச்சு உடைந்தால் கட்டடம் அசைகிறது என்று அர்த்தம். சோதித்து முடிக்கும்வரை எந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். இந்த மாதம் அது பூசப்பூச உடைந்தது.

"பயமா இருந்தா கொஞ்ச நாள் வேற வீட்டுக்குப் போயிடுங்களேன், ஹாஜியாம்மா."

"நானா? என் மாமியாராலயே என்னை இங்கிருந்து அசைக்க முடியல. உங்க எந்திரமா அசைச்சிடும்?"

ரஊஃப் போனில் பேசினார். எந்திரம் நின்றது. தெருவே அடங்கியதும், உள்ளறையில் அவள் மகள் ஷாஹிந்தா பாடம் ஒப்பிப்பது கேட்டது.

"பள்ளி இறுதிப் பரீட்சையா?"

"ஆமா. நாளைக்கு ஃபிசிக்ஸோட முடியுது."

"அப்போ நாளைக்குச் சாயங்காலம் புதுசா பூசறேன். இனிமே உடையாது."

"அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"கட்டடம் அசைஞ்சா பூச்சுல முடி மாதிரி கோடுதான் விழும். இது நொறுங்கியிருக்கு. பூண்டு வாசனை வேற அடிக்குது. அடுத்த தடவை குழவியைக் கழுவிட்டு அடிங்க."

இன்ஷிராஹ் ஒரு கணம்தான் திகைத்தாள். "தெரிஞ்சுமா எந்திரத்தை நிறுத்தினீங்க?"

"பின்தெருவுலதான் என் வீடு. என் பையனுக்கும் நாளைக்கு ஃபிசிக்ஸ்தான்."