ஏழாம் நம்பர் மேசை

“இந்தக் குரல் உன்னோடதுதானே?”

கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிட்டு மேடம் கேட்டார்.

“என்னோடதுதான் மேடம்” என்றாள் ஏழாம் நம்பர்.

டிராவல்ஸ் கம்பெனி அது. பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு போன். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, மேசை நம்பர்தான். ஏழாம் நம்பருக்குக் காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. நாற்பது பேரிடம் அதே தீவு, அதே சொகுசு ஓட்டல், அதே நீலக் கடல். யாராவது உட்காரச் சொன்னால் தேவலை என்றிருந்தது. யாரும் சொல்லவில்லை.

மேடத்துக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். மேடம் அவர் பக்கம் திரும்பினார்.

“தீவு பேக்கேஜ் ஒண்ணு வித்தா, இந்த ஆபீசுக்கு மூணு மாச வாடகை கட்டலாம். அதை வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்கா. நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“நேத்து மத்தியானம் நான் லீவு மேடம். சீட்டுல இருந்திருந்தா இப்படி நடக்க விட்டிருப்பேனா? ‘வேண்டாம்’ங்கற வார்த்தையே வாயில வரக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். மத்த பதினோரு பேருக்கும் ஏறினது இவ மண்டையில மட்டும் ஏறல.”

மேடம் மறுபடி ஓடவிட்டார்.

“ஏழாம் நம்பர்தானேம்மா?” என்றது ஒரு வயதான அம்மாளின் குரல். “நான் ரிட்டயர் ஆன பணம் கொஞ்சம் இருக்கு. கல்யாணமானதுலேருந்து நானும் வீட்டுக்காரரும் ஒரு இடத்துக்கும் போனதில்ல. கடல் மேலயே கட்டின ரூம்னு படம் போட்டிருக்கே, அங்க போகலாம்னு ஆசை. அஞ்சு நாளைக்கு இவ்வளவு கேக்கறாங்களே, அவ்வளவு பெறுமா?”

“சாருக்கு நீந்தத் தெரியுமாம்மா?”

“அவருக்கு வாளித் தண்ணியைக் கண்டாலே பயம்.”

“முட்டி வலி ஏதாவது?”

“ரெண்டு முட்டியும்.”

“அந்த ரூமுக்குப் பலகைப் பாலத்துல கால் மணி நேரம் நடக்கணும்மா. சாப்பிடணும்னாலும் அதே பாலத்துலதான் திரும்பி வரணும். படகுக் கூலி தனி, சாப்பாடு தனி. நீங்க சொல்ற மாசத்துல மழை வேற. ஜன்னலைச் சாத்திட்டு உள்ளயே உக்காந்திருக்கணும்.”

“நீ போயிருக்கியாம்மா?”

“என் சம்பளத்துக்கு அந்த வாசப்படியைக்கூட மிதிக்க முடியாதும்மா. ஆனா, போயிட்டு வந்தவங்க திட்டறதுக்கும் இதே மேசைக்குத்தான் போன் பண்ணுவாங்க. விக்கறதும் நான், வாங்கிக் கட்டிக்கறதும் நான். உங்களுக்கு அது வேண்டாம்மா. கிட்டத்துல எங்கயாவது சார் நடக்கற மாதிரி இடமாப் பாருங்க. மிச்சப் பணம் பேங்க்லயே இருக்கட்டும்.”

சூப்பர்வைசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏ.சி. என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“போதும் மேடம், நிறுத்திடலாம். கேக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு.”

மேடம் காதில் அது விழவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஏழாம் நம்பர் முன்னால் போட்டார்.

“இதே குத்தத்துக்கு மூணாவது மெமோ. மூணு ஆச்சுன்னா வீட்டுக்குத்தான், தெரியுமில்ல? சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?”

அவள் வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாதமாகிறது. வீட்டில் சம்பளம் என்று வருவது இவளுடையது ஒன்றுதான். “தெரியாம சொல்லிட்டேன் மேடம்” என்று கண்ணைக் கசக்கினால் மேடம் இறங்கி வருவார் என்பதும் தெரியும். ஆனால் தெரிந்துதானே சொன்னாள்? அழுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

“இல்ல மேடம்” என்றாள்.

“பாவம் பாக்காதீங்க மேடம்” என்றார் சூப்பர்வைசர். “மத்தவங்களுக்கும் ஒரு பயம் இருக்கணுமில்ல?”

கம்ப்யூட்டரில் அந்த அம்மாள், “நீ நல்லா இருக்கணும்மா” என்று சொல்லி முடித்தாள்.

எதிர்முனையில் பேசுகிறவர்கள் போனை வைக்கும்வரை மேசையில் இருப்பவர்கள் வைக்கக் கூடாது என்பது அந்த ஆபீசின் சட்டம். நேற்று ஏழாம் நம்பர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். அந்த அம்மாளுக்கோ போனைச் சரியாக அணைக்கத் தெரியவில்லை போலிருக்கிறது. பதிவு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

ஏழாம் நம்பர் பேனாவைத் திறந்து, கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டாள்.

“டேய் தம்பி!” என்றது அதே அம்மாளின் குரல், கொஞ்சம் தள்ளியிருந்து. “நல்லவேளைடா. அந்தப் பொண்ணு பட்டுனு சொல்லிடுச்சு, வேண்டாம்னு.”

சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மேடம் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

“அதுக்குத்தான்க்கா ஏழாம் நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசுன்னேன்” என்றது ஓர் ஆண் குரல். நாலு வருஷமாக அந்தக் குரலிடம் திட்டு வாங்குகிறவளுக்கு அது யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “நான் வேண்டாம்னு சொன்னா, தம்பிக்குப் பொறாமைம்பே. மத்த பதினோரு பேர்ல யார்கிட்ட மாட்டியிருந்தாலும் அந்தத் தீவை உன் தலையில கட்டியிருப்பாங்க. அவங்களையெல்லாம் பழக்கினவன் நான்தானே!”